இறப்பர் மரமும் காட்டு மாந்தரும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பயிர்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் 'கண்டுபிடித்த' தனிமனிதர் சிலரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இறப்பர் மரத்தின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். இலங்கையிற் பாடசாலைக் கல்வி பெற்றோர் பலரும் 1876ஆம் ஆண்டையும், ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயரின் பெயரையும், கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவையும் அறிந்திருப்பர். சற்று விரிவாகக் கற்றோர் இவற்றுக்கு முன்னும் பின்னுமாக வேறு சில பெயர்களைச் சேர்ப்பர்: லா கொண்டமீன், பிறீஸ்ற்லி, மக்கின்ரொஷ், குட்இயர், டன்லொப், றிட்லி. அமேசன் ஆற்றுப்படுகையின் மழைக்காட்டிலே தோன்றி, அங்கு வாழ்ந்த மக்களால் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டு வந்த ஒரு மரத்தின் வரலாற்றில் அக்காட்டு மக்களுள் ஒருவரின் பெயர்தானும் இடம்பெறவில்லை என்பதை இப்பெயர் வரிசை காட்டும். அம்மக்களிடத்துப் பெயர்களை எழுதிவைக்கும் வழக்கம் இருக்கவில்லை என்பது இதற்கு முழு விடையாகாது. அவர்தம் உழைப்பின் பேறாகிய நுட்பங்கள் ஐரோப்பியரின் ஏடுகளிலேயே பதிவாகியுள்ளன. ஆனால் அவை 'கண்டுபிடிப்புகள்' என்ற தலைப்பின்கீழ் வைக்கப்படாது 'சுதேசிகளின் வழக்கங்கள்' என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டுள்ளன.

இப்பாகுபாட்டுக்கு முதலாளித்துவ வரலாற்றாசிரியர்களை மாத்திரம் பொறுப்பாளிகளாக்குதல் நேர்மையாகாது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்றதும் நீராவி இயந்திரத்தையும் ஆலைப் புகைபோக்கியையுமே மனத்திற் கொள்ளும் பழக்கம் முற்போக்கு அணியினராகிய எம்மிடத்தும் உண்டு. மூலதனத்தின் ஆதித் திரட்சி பற்றி மார்க்ஸ் எழுதிய பகுதிகளில் அமெரிக்கக் கண்டத்துச் சுதேசிகளின் அழிவு மூலதனத்தின் பிறப்போடு நேரடியாகத் தொடர்புறுத்தப்பட்டுள்ளது. அப்பகுதிகளை நாம் வாசிக்கிறோம், எடுத்தும் ஆளுகிறோம். ஆயினும், அழிக்கப்பட்ட அம்மக்கள் அழிக்கப்படுமுன் எதனை ஆக்கியிருந்தனர் என்ற வினாவை எழுப்புவது அரிது. இறப்பர் மரத்தைப் பொறுத்தவரையில் அவ்வினாவுக்கு ஓரளவு தெளிவான விடை கூற இயலும்.

முதலில் மரத்தின் இயல்பினை நோக்குதல் வேண்டும். ஹெவெயா பிறேசிலியென்சிஸ் எனத் தாவரவியலார் வழங்கும் இம்மரம் ஆமணக்கும் மரவள்ளியும் அடங்கும் யூபோபியேசியேக் குடும்பத்தைச் சேர்ந்தது. அமேசன் பேராற்றுக்குத் தெற்கேயுள்ள காடுகளே இதன் முதன்மையான தாயகம். அங்கு இது 30 மீற்றருக்கு மேலும் உயர்ந்து வளரும். தோட்டங்களில் வரிசைவரிசையாக நிற்கும் மரங்களைக் கண்டு பழகிய எமக்கு, இயற்கையில் இம்மரம் ஒரு ஹெக்டயருக்கு ஒன்றிரண்டாக மட்டுமே ஏனைய மரங்களிடையே சிதறிநிற்கும் என்பது வியப்பளிக்கலாம். அச்சிதறலே அதற்குக் காப்பாகவும் அமைகின்றது. இதன் இளந்தளிரைப் பற்றிக் கருக்கும் பங்கசு ஒன்று அமேசன் காட்டுக்கே உரியது. மரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும்வரை அது பெருங்கேடு விளைவிப்பதில்லை. பால் சுரக்கும் குழாய்கள் மரத்தின் உட்பட்டையில், மாறிழையத்துக்குச் சற்று வெளியே அமைந்துள்ளன. வெட்டு ஆழமாகி மாறிழையத்தைத் தாக்குமாயின் பட்டை சீராக மீள வளராது. ஆகவே, இம்மரத்திலிருந்து தொடர்ந்து பாலெடுக்க விரும்புவோர் எவ்வளவு ஆழத்திற்கு வெட்டலாம், எங்கு நிறுத்தவேண்டும் என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. காய் முற்றியதும் ஓசையோடு வெடித்து விதைகளைத் தொலைவில் எறியும். விதையில் எண்ணெய்ச் சத்து மிகுதி; அதனால் முளைக்கும் ஆற்றலை அது விரைவில் இழந்துவிடும். இவ்வியல்புகள் ஒவ்வொன்றும் பின்னர் வரும் சமூக வரலாற்றில் தத்தம் பங்கினைப் பெறுகின்றன.

அமேசன் மக்கள் இம்மரத்தை எதற்காகப் பயன்படுத்தினர்? பால் என்றே எவரும் விடையிறுப்பர். ஆனால், மேற்கு வடஅமேசனிற் பல ஆண்டுகள் வாழ்ந்து ஆய்வு நடத்திய அமெரிக்கத் தாவரவியலாளர் றிச்சட் எவான்ஸ் ஷுல்ற்ஸ் பதிவு செய்துள்ள ஒரு செய்தி இங்கு மனங்கொள்ளத்தக்கது. அப்பகுதிச் சுதேசிகள் ஹெவெயா இன மரங்களின் விதையை உணவாகக் கொண்டனர். மரவள்ளியிலுள்ளது போன்ற சயனைட்டு நஞ்சு இவ்விதையிலும் உண்டு. நீரில் ஊறவைத்தும் நெடுநேரம் அவித்தும் அந்நஞ்சினை அவர்கள் அகற்றினர். கசப்பு மரவள்ளியை நஞ்சகற்றி உண்ணும் கலையை ஆக்கிய மக்களுக்கு அதே குடும்பத்து மரமொன்றின் விதையைப் பதப்படுத்துவது இயல்பான ஒரு நீட்சியேயாகும். வெள்ளக்காலத்தில் காட்டினுள் நீர் புகும்போது உதிர்ந்த விதைகளை தம்பாக்கி என்னும் பெருமீன் தின்று கொழுக்கும். அம்மீனும் மக்களின் உணவாகும். ஆக, மரமானது உணவு, மீன், பால் எனப் பல முகங்கொண்ட ஒரு வாழ்வாதாரத்தின் பகுதியாக இருந்தது. பிற்காலத்து வணிகன் அதில் ஒரு பொருளை மட்டுமே கண்டான்.

பாலின் பயன்பாடுகள் பற்றிய எழுத்துச் சான்றுகள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே விரிவாகக் கிடைக்கின்றன. புவியின் வடிவத்தை அளக்கும் பொருட்டு 1735இல் தென்னமெரிக்காவுக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த லா கொண்டமீன், 1736இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு இம்மரப்பாலின் உலர்ந்த மாதிரிகளை அனுப்பினார். 1743இல் அமேசன் வழியே பயணஞ்செய்த அவர், ஒமாகுவா மக்கள் இதனைக் கொண்டு போத்தல்கள், நீர்புகாத காலணிகள், உள்ளே வெறுமையான பந்துகள் ஆகியவற்றைச் செய்தமையை எழுதியுள்ளார். பேரிக்காய் வடிவான ஒரு குடுவையில் நாணற் குழலைப் பொருத்தி, அழுத்தினால் நீரைப் பீச்சும் ஒரு கருவியையும் அவர்கள் செய்தனர். விருந்துகளில் அதனை விருந்தினருக்கு வழங்குவது வழக்கமாக இருந்தது. காயென் நகரில் பொறியியலாளராகப் பணிபுரிந்த பிரான்சுவா பிறெனோ, அண்மைக் காடுகளிலே ஹெவெயா இனத்து மற்றொரு மரத்தை இனங்கண்டு, சுதேசிகளின் செய்முறையை மேலும் நுணுக்கமாக விபரித்தார். மரத்தின் அடிப்பகுதியைக் கழுவுதல், பட்டையிற் சரிவாக வெட்டுகள் இடுதல், வழியும் பாலை ஒரு கலத்திற் சேர்த்தல், களிமண்ணாற் செய்த வார்ப்பின்மீது அதனைப் படலம் படலமாகப் பூசி ஒவ்வொரு படலத்தையும் புகையில் உலர்த்துதல், இறுதியில் உள்ளிருக்கும் களிமண்ணை உடைத்து வெளியேற்றுதல் என அம்முறை அமைந்தது.

இதனை ஒரு 'வழக்கம்' என்று மட்டும் கூறி அப்பாற் செல்லுதல் தகாது. பால் காற்றுப்பட்டுச் சில மணி நேரத்துள் கெட்டுவிடும். அதனை உறையச் செய்யவும், உறைந்ததைப் பூஞ்சணம் பற்றாது காக்கவும், வேண்டிய வடிவத்தைக் கொடுக்கவும் ஒரே செயலாற் கண்ட தீர்வே புகையூட்டலாகும். குறிப்பிட்ட சில பனையினங்களின் கொட்டைகளை எரித்து எழும் புகையிலுள்ள அமிலங்களும் பீனோல்களும் பாலை உறையவைத்துக் காக்கின்றன என்பதை இன்றைய இரசாயனம் விளக்குகின்றது. விளக்கம் பிந்தியது, செயல் முந்தியது. பின்னாளில் பெருந்தோட்டங்களில் அமிலமிட்டு உறையவைக்கும் முறை வந்தபின்னரும், தாளாக அழுத்திய இறப்பரைப் புகைக்கூடத்தில் தொங்கவிடும் வழக்கம் நிலைத்தது. களுத்துறையிலும் கேகாலையிலும் தோட்டந்தோறும் எழுந்த புகைக்கூடங்கள் அமேசன் குடிசையொன்றின் புகையடுப்பிலிருந்து வழிவழியாக வந்தவை என்பதை அங்கு வேலை செய்தோர்க்கு எவரும் கூறியிரார்.

இதே கண்டத்தின் பிறிதொரு பகுதியில், அதாவது மெக்சிக்கோவிலும் அதனை அடுத்த நாடுகளிலும், கஸ்ற்றில்லா எலஸ்ற்றிக்கா என்ற முற்றிலும் வேறான மரத்தின் பாலைக் கொண்டு இறப்பர் செய்யப்பட்டது. அம்மக்கள் ஐப்போமியா கொடியொன்றின் சாற்றைப் பாலுடன் கலந்தனர். அவ்வாறு கலத்தலால் இறப்பரின் மீள்தன்மையும் உறுதியும் மாறுபடுகின்றன என்பதை 1999இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டியது. எல் மனத்தி என்ற இடத்திற் கிடைத்த இறப்பர்ப் பந்துகள் ஏறத்தாழ கி.மு. 1600ஐச் சேர்ந்தவை. அஸ்ரெக் பேரரசு தொச்தெபெக் மாகாணத்திடம் 16,000 இறப்பர்ப் பந்துகளைத் திறையாகப் பெற்றமை மெண்டோசாச் சுவடியிற் பதிவாகியுள்ளது. திறை என்னும்போது அங்கு வர்க்க ஆதிக்கம் ஏற்கெனவே தோன்றிவிட்டமையையும் நாம் மறைக்கலாகாது. பழைய அமெரிக்காவைக் குறைகளற்ற பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. 1839இல் சாள்ஸ் குட்இயர் கந்தகத்துடன் வெப்பமூட்டி வல்கனைசுப்படுத்தலைக் கண்டறிந்தமை உண்மையான முன்னேற்றமே. ஆனால், இறப்பரின் இயல்பைக் கலவையால் மாற்றலாம் என்ற எண்ணம் அவருடன் பிறந்ததன்று.

மரத்துக்கும் பொருளுக்கும் வழங்கிய பெயர்களிலும் ஒரு சமூகச் செய்தி உண்டு. பிரெஞ்சு மொழியின் 'கௌச்சூ' தென்னமெரிக்கச் சுதேச மொழியொன்றிலிருந்து பெறப்பட்டது. அதற்கு 'அழும் மரம்' என்று பொருள் கூறுவது பெருவழக்கு; அழகிய விளக்கந்தான், எனினும் அதன் மொழியியல் ஆதாரம் வலுவானதன்று. போர்த்துக்கேயர் ஒமாகுவாக்களின் பீச்சுங்கருவியைக் கண்டு மரத்துக்கு 'செரிங்கா' எனப் பெயரிட்டனர். அதனின்றே பால் வெட்டுபவன் 'செரிங்கெய்ரோ' ஆனான். ஆங்கிலத்தில் வழங்கும் 'றப்பர்' என்ற சொல், 1770இல் பிறீஸ்ற்லி இப்பொருள் பென்சிற் கோட்டை அழிக்கும் என எழுதியமையுடன் தொடர்புடையது. அது எழுதுவினைஞனின் மேசையிலிருந்து வந்த பெயர். ஒரு பெயர் மூலமக்களின் மொழியைச் சுட்டுகின்றது. மற்றையது அவர்களின் கைவினையைச் சுட்டுகின்றது. மூன்றாவதில் அவ்விரண்டும் அழிக்கப்பட்டுவிட்டன. நாம் தமிழில் இந்த மூன்றாவதையே ஏற்றோம். ஆனால் மலாயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் தாம் நாள்தோறும் தொட்டு வேலைசெய்த மரத்தைப் 'பால்மரம்' என்றனர். உழைப்பின் வழிப் பிறந்த இச்சொல்லை எமது அகராதிக்காரர் உரிய கவனத்துடன் நோக்கினாரல்லர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமேசன் வெறும் மூலப்பொருளை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. 1820களிலிருந்து பாரா மாகாணத்தில், சுதேச முறையைத் தழுவி, வார்ப்பின்மீது பால் பூசிச் செய்யப்பட்ட காலணிகள் பொஸ்ரன் துறைமுகத்துக்குப் பெருந்தொகையாகச் சென்றன. செய்முடித்த பண்டத்தை அமேசனே உற்பத்தி செய்தது. குளிரில் விறைத்தும் வெப்பத்தில் ஒட்டியும் போகும் குறைபாடு அக்காலணிகளுக்கு இருந்தது. வல்கனைசுப்படுத்தல் அக்குறையை நீக்கியதோடு உற்பத்தியின் இடத்தையும் மாற்றிவிட்டது. கந்தகமும் கொதிகலனும் உருளையும் மூலதனமும் எங்கு இருந்தனவோ அங்கு ஆலை எழுந்தது. அமேசனுக்குப் பாலைத் திரட்டி அனுப்பும் வேலை மட்டுமே எஞ்சியது. டாக்கா மசுலினுக்கு நேர்ந்த கதியைப் பற்றி எமது மாணவர் படிக்கின்றனர். பாராவின் காலணிக்கு நேர்ந்ததும் அதனையொத்த ஒரு நிகழ்ச்சியேயாகும், அளவிற் சிறிதெனினும்.

மூலப்பொருளைத் திரட்ட ஆள்வேண்டும். 1877 முதல் 1879 வரை பிறேசிலின் வடகிழக்கே சியாறாவை வாட்டிய கொடிய வரட்சி அந்த ஆட்களைத் தந்தது. நிலமிழந்து பட்டினியால் வெளியேறிய விவசாயிகள் திரள்திரளாக அமேசன் காட்டுக்கு வந்துசேர்ந்தனர். அவர்களைப் பிணித்த முறை 'அவியமெந்தோ' எனப்படும். பெலெமிலும் மனாவுசிலும் இருந்த வணிக நிலையங்கள் காட்டு உரிமையாளனுக்குப் பண்டங்களைக் கடனாகக் கொடுத்தன. அவன் அவற்றைப் பன்மடங்கு விலைக்குச் செரிங்கெய்ரோவுக்குக் கடனாகக் கொடுத்தான். செரிங்கெய்ரோ இறப்பரால் அக்கடனை அடைக்கவேண்டும். பல இடங்களில் அவன் மரவள்ளி பயிரிடுவதற்கும் தடை இருந்தது. பயிரிட்டால் கடையில் வாங்கமாட்டான் அல்லவா? விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, 100 முதல் 200 வரையான மரங்களை இணைக்கும் காட்டுப் பாதையில் ஒருமுறை வெட்டிச்சென்று, மறுமுறை பால் சேர்த்துவந்து, மாலையிற் புகையின்முன் அமர்ந்து பந்தாக உருட்டுவது அவனது நாளாந்த வேலை. 1905இல் அமேசன் மேற்பகுதிக்குச் சென்ற பிறேசில் எழுத்தாளர் எயுக்ளிடெஸ் ட குன்யா, தன்னைத்தானே அடிமைப்படுத்திக்கொள்வதற்காக உழைக்கும் மனிதன் என்ற கருத்தில் அவனை வருணித்தார். மனாவுஸ் நகரில் 1896இல் திறக்கப்பட்ட இசைநாடக அரங்கின் பளிங்கையும் கண்ணாடி விளக்குகளையும் வியப்போர் அவ்வருணனையையும் படித்தல் நன்று.

இம்முறை சுதேசக் குழுக்களின் உள்ளமைப்பை எவ்வாறு தகர்த்தது என்பதற்குத் தபஜோஸ் ஆற்றுப் பகுதியின் முண்டுருக்கு மக்களே சிறந்த சான்று. றொபேட் மேர்பி என்ற மானிடவியலாளர் 1950களில் அவர்களிடையே ஆய்வு நடத்தினார். கூட்டாக உழைத்து, கூட்டாக உண்டு, பெரிய ஊர்களில் வாழ்ந்த அம்மக்கள் இரும்புக் கருவியும் துணியும் பெறும்பொருட்டு இறப்பர் வெட்டத் தொடங்கினர். மரங்கள் சிதறி நிற்பவை. ஆகவே குடும்பங்களும் சிதறின. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வணிகனோடு கணக்கு வைத்தது. ஊர்த்தலைவனின் இடத்தை வணிகன் எடுத்துக்கொண்டான். கவனிக்க வேண்டியது யாதெனில், மரம் மாறவில்லை; பாலெடுக்கும் அடிப்படை நுட்பமும் பெரிதும் மாறவில்லை. பயன்பெறுமதி மாற்றுப்பெறுமதிக்கு அடங்கியதும் அதே மரத்தின் அதே சிதறல், முன்னர் காட்டின் காப்பாக இருந்தது, இப்போது மனிதக் கூட்டத்தின் சிதைவுக்கு ஏதுவாயிற்று.

கொலம்பியா, பேரு எல்லைப்புறத்துப் புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் கடன்பொறி என்ற திரைகூட இருக்கவில்லை. ஹுலியோ சேசர் அரானாவின் நிறுவனம் 1907இல் இலண்டனிற் பதிவுபெற்ற பங்குக் கம்பனியாயிற்று. உயித்தோத்தோ, போறா, அந்தோக்கே, ஒக்காயினா மக்கள் நிறைகுறையாத இறப்பரைக் கொணருமாறு சவுக்கடியாலும் பட்டினியாலும் கொலையாலும் நிர்ப்பந்திக்கப்பட்டனர். வோல்ரர் ஹாடன்பேக் 1909இல் இலண்டன் பத்திரிகையொன்றின் வழியே இதனை அம்பலப்படுத்தினார். 1910இல் நேரிற் சென்று விசாரித்த றொஜர் கேஸ்மென்றின் அறிக்கை 1912இல் வெளியாயிற்று. முன்னர் கொங்கோவில் லியோபோல்ட் மன்னனின் இறப்பர்க் கொடுமைகளை 1904இல் வெளிக்கொணர்ந்தவரும் இவரே. பின்னர் அயர்லாந்தின் விடுதலைக்கென முயன்றமைக்காக 1916இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டவரும் இவரே. இலத்தீன் அமெரிக்க இலக்கியத்தில் இவ்வனுபவம் ஹொசே எயுஸ்தாசியோ றிவேறாவின் 1924ஆம் ஆண்டு நாவலில் ஆழப் பதிந்தது. அந்நாவலிற் காடே மனிதரை விழுங்கும் பேருருவாகத் தோற்றுகின்றது. கலையாற்றல் மிக்க படைப்புத்தான். எனினும் விழுங்கியது காடா, கம்பனியா என்ற வினாவை வாசகர் கைவிடலாகாது. காட்டில் அம்மக்கள் அதற்கு முன்னரும் வாழ்ந்தே இருந்தனர்.

இப்பின்னணியிலேயே விக்கத்தின் கதைக்கு வரவேண்டும். இந்திய அலுவலகத்தைச் சேர்ந்த கிளெமன்ற்ஸ் மாக்கம் சிங்கோனாவை அந்தீஸ் மலையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த அனுபவத்தைத் தொடர்ந்து இறப்பருக்கும் ஏற்பாடு செய்தார். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுண் என்ற விலையில் விக்கம் 1876இல் ஏறத்தாழ 70,000 விதைகளைத் தபஜோஸ் பகுதியிலிருந்து அனுப்பினார். கியூ பூங்காவில் அவற்றுட் சில ஆயிரத்துக்கும் குறையாதவை முளைத்தன. ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. இச்செயலைப் பிரித்தானியர் துணிகரம் என்றனர். 1920இல் விக்கத்துக்கு 'சேர்' பட்டமும் கிடைத்தது. பிறேசிற் தேசியவாதிகள் களவு என்றனர். அக்காலத்தில் இறப்பர் விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் எதுவும் பிறேசிலில் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வீரமா களவா என்ற விவாதம் இரு நாட்டு உடைமை வர்க்கங்களுக்கிடையிலான விவாதமேயாகும். காட்டு உரிமையாளரின் ஏகபோகம் குலைந்தமையே அங்கு இழப்பாகக் கருதப்படுகின்றது.

விக்கம் தாமே எழுதிய குறிப்புகளில் வேறொரு செய்தி தற்செயலாக வெளிப்படுகின்றது. அப்பகுதித் தபுயோ மக்களைக் கூலிக்கு அமர்த்தியே அவர் விதை பொறுக்குவித்தார். காற்றுப் புகும் கூடைகளை அவ்வூர்ப் பெண்களைக் கொண்டே முடைவித்தார். விரைவிற் பழுதாகும் அவ்விதைகள் கடல் கடந்து உயிருடன் சென்றமைக்கு அக்கூடைகளின் பங்கும் சிறிதன்று. மரமும் விதையும் அறிந்த கைகள் அவை. எழுபதினாயிரம் விதைகளின் வரலாற்றில் அக்கைகளுக்கு ஒரு வாக்கியம் கிடைத்துள்ளது, அதுவும் வருணனையாக.

இலங்கையிலும் மலாயாவிலும் மரம் தோட்டமாயிற்று. ஹெக்டயருக்கு ஒன்றிரண்டாக நின்றது நானூறு, ஐந்நூறாக நிரைப்படுத்தப்பட்டது. அமேசனின் பங்கசு உடன் வராமையே இதற்கு வாய்ப்பளித்த உயிரியற் காரணம். சிங்கப்பூரில் றிட்லியும் பேராதனையில் ஜோன் பாக்கினும் நடத்திய ஆய்வுகள் பட்டையை மெல்லிதாகச் சீவியெடுத்து, அதே வெட்டை நாள்தோறும் புதுப்பிக்கும் முறையைச் செம்மைப்படுத்தின. இது விஞ்ஞானத்தின் மெய்யான சாதனை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் அச்சீவலைச் செய்வதற்கு இயந்திரம் தோன்றவில்லை. மாறிழையத்தைத் தொடாது நிறுத்தும் நுட்பம் மனிதக் கையிலேயே தங்கியிருந்தது. அந்தக் கை மலாயாவிற் பெரும்பாலும் தமிழ்க் கையாயிற்று. சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து முதலில் ஒப்பந்த முறையிலும், 1910இல் அது நிறுத்தப்பட்டபின் 1938 வரை கங்காணி முறையிலும் ஆட்கள் திரட்டப்பட்டனர். பயணச் செலவும் முன்பணமும் கடனாயின. குளிர்ந்த விடியலிலே பால் நன்கு வழியுமாதலால் இவர்களும் இருளில் எழுந்து பிரட்டுக்கு நின்றனர். சியாறாவின் வரட்சியால் பெயர்ந்தவனும் தஞ்சையின் நிலமின்மையால் பெயர்ந்தவனும் ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே மரத்தின்முன், ஒரே நேரத்தில், ஒரே வகையான கடனுக்காகக் குனிந்து நின்றனர். இருவரின் உழைப்பும் உலகச் சந்தையில் ஒன்றோடொன்று மோதவிடப்பட்டது. 1913 அளவிலே தோட்ட இறப்பரின் அளவு காட்டு இறப்பரை விஞ்சியது. விலை வீழ்ந்தது, மனாவுஸ் வணிகர் முறிந்தனர். செரிங்கெய்ரோக்களுட் பலர் காட்டிலேயே கைவிடப்பட்டனர்.

இவ்வேறுபாட்டையும் கூறவேண்டும்: தோட்டம் தொழிலாளரை ஓரிடத்திற் குவித்தது. சிதறியிருந்த செரிங்கெய்ரோவுக்கு நெடுங்காலம் கைகூடாத கூட்டுப் போராட்டம் தோட்டத்திற் சாத்தியமாயிற்று. 1941இல் கிள்ளான் பகுதித் தமிழ்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பிரித்தானிய ஆட்சி துப்பாக்கி கொண்டே அடக்கவேண்டியிருந்தது.

மரத்தைத் தோட்டமாக்கிய அதே முறையை அதன் தாயகத்திலேயே நிறுவ முயன்றவர் ஹென்றி ஃபோர்ட். 1928 முதல் தபஜோஸ் கரையில் காடழித்து நெருக்கமாக மரம் நட்டார். நேரக் கடிகாரமும் அமெரிக்க உணவும் திணிக்கப்பட்டமையால் 1930 டிசம்பரில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். மரங்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கியதும் இலைக்கருகல் நோய் பரவியது. 1934இல் பெல்தெறாவிலும் மீண்டும் நட்டுப் பார்த்து, 1945இல் அனைத்தையும் பிறேசில் அரசுக்கு விற்று வெளியேறினார். காட்டு மரம் ஏன் விலகி நிற்கின்றது என்பதை அவ்வூரார் அறிந்திருந்த அளவுக்கு அவருடைய பொறியியலாளர் அறிந்திருக்கவில்லை.

ஆசியத் தோட்டங்கள் பெரும்பாலும் விக்கத்தின் அச்சில ஆயிரம் முளைகளின் வழித்தோன்றல்கள். அப்பங்கசு என்றேனும் கடல் கடக்குமாயின் நேரக்கூடிய அழிவை உணர்ந்த ஆராய்ச்சி நிலையங்கள் 1981இல் பிறேசிலின் இணக்கத்துடன் ஏக்கர், றொண்டோனியா, மாத்தோ குறொசோ மாநிலக் காடுகளிற் புதிதாக விதைகளையும் ஒட்டுக்கிளைகளையும் திரட்டின. காட்டு மரங்களின் பல்வகைமை இன்றும் ஆலைகளின் இறுதிக் காப்பாக உள்ளமையை இம்முயற்சி ஒப்புக்கொண்டது.

அதே ஏக்கரில் அக்காலத்தே வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1970களில் மாடு வளர்ப்புக்கெனக் காட்டை வாங்கிய பெருநிலக்காரர் மரங்களை அழிக்கத் தொடங்கியபோது, இறப்பர் உரிமையாளரின் கடனிலிருந்து ஒருவாறு விடுபட்டிருந்த செரிங்கெய்ரோக் குடும்பங்கள் வாள்களின்முன் வரிசையாக நின்று தடுத்தன. 'எம்பாத்தே' என இதனை அவர்கள் அழைத்தனர். தொழிற்சங்கத் தலைவர் வில்சன் பின்யெய்றோ 1980இற் கொல்லப்பட்டார். 1985இல் செரிங்கெய்ரோக்களின் தேசிய அவை அமைந்தது. தம் முன்னோர் இறப்பர் முதலாளிகளின் ஏவலால் வேட்டையாடிய சுதேசிகளுடனேயே அவர்கள் கூட்டணி அமைத்தனர். நிலத்தைத் துண்டாடிப் பட்டா கேட்கும் வழமையான கோரிக்கையை அவர்கள் கைவிட்டமை குறிப்பிடத்தக்கது. சிதறி நிற்கும் மரங்களைத் துண்டு நிலத்திற்குள் அடக்க முடியாது. காடு முழுவதும் பொதுவாக இருந்தாலன்றிப் பால் வெட்டுவோனின் பாதை நிலைக்காது. ஆகவே அரசுடைமையான, தனியார் விற்கமுடியாத, வாழ்வோர் கூட்டாகப் பயன்கொள்ளும் காட்டு ஒதுக்கங்களைக் கோரினர். அக்கோரிக்கையை உலகறியச் செய்த சிக்கோ மென்டெஸ் 1988 டிசம்பர் 22ஆந் திகதி ஷப்புரியில் தம் வீட்டு வாயிலிற் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்ற நிலக்காரரும் அவர் மகனும் 1990இல் தண்டிக்கப்பட்டனர். அவ்வாண்டு சனவரியில் மேல் ஜுறுவாவில் முதல் ஒதுக்கமும், மார்ச்சில் ஷப்புரியைச் சூழ்ந்து மென்டெஸின் பெயராலேயே மற்றொன்றும் பிரகடனஞ் செய்யப்பட்டன.